உடம்பைக் குளிர வைத்து மூளையைக் காப்பது ஏன்?



தோட்டத்துச் சகோதரி ஒருவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"அண்ணே, காலையில பிரட்டுக்களத்துல நின்னுக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. தண்டலும் டிரெசரும் நெஞ்சை அமுக்கி அமுக்கி, அம்புலன்ஸ்காரங்க கரண்டு வச்சு, உயிரைத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. ஆனா ஆஸ்பத்திரியில கையைத் தொட்டா ஒடம்பு ஜில்லுனு கிடக்கு. மேலே தண்ணி ஓடுற விரிப்பைச் சுத்தி வச்சிருக்காங்க. கம்பளி போத்தப் போனா மிஸ்ஸி வேணாம்னு தடுக்குறாங்க. எல்லாம் முடிஞ்சு போச்சா? எங்கிட்ட மறைக்கிறாங்களா?"

யாரும் எதையும் மறைக்கவில்லை. அவர் உடம்பு சில்லென்று இருந்தது உயிர் போனதால் அல்ல. டாக்டர்கள் வேண்டுமென்றே குளிர வைத்திருந்தார்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள், அப்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது, குடும்பத்தார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு

நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வது மாரடைப்பு. நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், ஆனால் ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். இதயம் நிற்பது என்றால் இதயம் இரத்தத்தை இறைப்பதையே விட்டுவிட்டது என்று அர்த்தம். ஏறக்குறைய பத்து விநாடியில் நினைவு போய்விடும், சரியான மூச்சும் நின்றுவிடும். மாரடைப்பினால் இதயம் நிற்கலாம். வேறு காரணங்களாலும் நிற்கலாம்.

இதயம் நின்றதும் முதலில் பாதிக்கப்படுவது மூளை. நம் உடம்பின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதனிடம் சேமிப்பும் கிடையாது. கல்லீரலும் தசையும் கொஞ்சம் சீனியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூளையோ அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் வீடு மாதிரி. இரத்த ஓட்டம் நின்று நாலைந்து நிமிடம் ஆனால் அதன் உயிரணுக்கள் கெடத் தொடங்கிவிடும்.

வளர்சிதை மாற்றம் என்றால் என்ன?

நாம் சாப்பிட்ட சோற்றையும் இழுத்த மூச்சையும் சேர்த்து எரித்து, ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய சக்தியைச் செய்துகொள்கிறது. பழையதை உடைத்துப் புதியதைக் கட்டுகிறது. இந்த இரசாயன வேலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்று பெயர். இரசாயன வேலை எதுவும் சூட்டில் வேகமாக நடக்கும், குளிரில் மெதுவாக நடக்கும். வெயிலில் வைத்த மீன் மத்தியானத்துக்குள் நாறிவிடுகிறது, ஐஸில் வைத்த மீன் நாள் கணக்கில் தாங்குகிறது அல்லவா? காரணம் அதுதான்.

மனித உடம்பிலும் இதுவே கணக்கு. உடம்புச் சூடு ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் செலவு நூற்றுக்கு 6 முதல் 7 பங்கு வரை குறைகிறது. சாதாரண 37 டிகிரியிலிருந்து 33 டிகிரிக்கு இறக்கினால் செலவில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகிறது. அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் தீரப்போகிறது என்று தெரிந்தால் விளக்குத் திரியை இறக்கி வைப்போம். வெளிச்சம் மங்கும், ஆனால் விடியும்வரை விளக்கு அணையாது. டாக்டர்கள் செய்வதும் திரியை இறக்கும் வேலைதான்.

இரத்தம் திரும்பிய பிறகு ஏன் குளிர வைக்க வேண்டும்?

"இதயம்தான் மறுபடி ஓடிவிட்டதே, இரத்தமும் மூளைக்குப் போகிறதே, அப்புறம் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இரத்தம் நின்ற நேரத்தில் உயிரணுவின் சக்தி தீர்ந்துபோகிறது. உப்புகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்த பம்புகள் நின்றுவிடுகின்றன. கால்சியம் வெள்ளம்போல உள்ளே நுழைகிறது. நரம்புகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற பொருள் அளவு மீறிக் கொட்டி, பக்கத்து உயிரணுக்களையும் கெடுக்கிறது. பிறகு இரத்தம் திரும்பும்போது பிராணவாயு ஒரே அடியாக வந்து சேர்ந்து, அரிக்கும் தன்மையுள்ள கழிவுகளை உண்டாக்குகிறது. மூளை வீங்கலாம். இந்த இரண்டாவது சேதம் ஒரு நிமிடத்தில் முடிவதில்லை. மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக நடக்கிறது. தீயை அணைத்த பிறகும் உள்ளே புகைந்துகொண்டிருக்கும் கட்டை மாதிரி.

அந்த நேரத்தில் காய்ச்சலும் வந்தால் என்ன ஆகும்? சூடு ஒரு டிகிரி ஏறினால் உடம்பின் செலவு நூற்றுக்கு 10 பங்கு போலக் கூடுகிறது. அடிபட்ட மூளையால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. இதயம் நின்று பிழைத்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வருவது சாதாரணம். அதனால் சூட்டைக் கட்டுக்குள் வைப்பது இந்தச் சிகிச்சையில் முக்கியமான வேலை.

இது எப்படித் தொடங்கியது?

1950-ல் கனடாவின் டொரொண்டோ நகரில் டாக்டர் பிகலோ, உடம்பைக் குளிர வைத்தால் இரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் நின்றாலும் உறுப்புகள் தாங்கும் என்று விலங்குகளில் செய்து காட்டினார். 1952-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடம்பைக் குளிர வைத்து, இதயத்தில் இருந்த ஓட்டையை டாக்டர் லூயிஸ் அடைத்தார். இதயம் நின்று பிழைத்தவர்களுக்கும் 1950-களின் கடைசியில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் ரொம்பவும் குளிர வைத்ததால் வேறு தொல்லைகள் வந்தன. பல ஆண்டுகள் அந்த முறை ஒதுங்கிக் கிடந்தது.

1999-ல் நார்வே நாட்டில் பனிச்சறுக்கு விளையாடிய ஒரு பெண் டாக்டர், ஓடையில் விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் ஏறக்குறைய 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். வெளியே எடுத்தபோது இதயம் நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் உடம்புச் சூடு 13.7 டிகிரிவரை இறங்கியிருந்தது. அவர் பிழைத்தார், மறுபடி வேலைக்கும் போனார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் உடம்பு முதலில் குளிர்ந்தது, இதயம் பிறகுதான் நின்றது. திரி இறங்கிய பிறகே எண்ணெய் தீர்ந்தது. நம் தோட்டத்தில் விழுபவருக்கு நடப்பது நேர் எதிர். 37 டிகிரிச் சூட்டில் இதயம் நிற்கிறது, சேதம் தொடங்கிவிடுகிறது, குளிர்ச்சி பின்னால்தான் வருகிறது. அதனால் அதே அதிசயத்தை எல்லாரிடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

பரீட்சைகள் சொன்னது என்ன?

2002-ல் இரண்டு ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஐரோப்பாவில் 275 பேரை வைத்து நடந்ததில், 32 முதல் 34 டிகிரி வரை 24 மணி நேரம் குளிர வைத்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் நல்ல நினைவோடு மீண்டார்கள். குளிர வைக்காதவர்களில் 39 பேர். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 77 பேரை வைத்து நடந்ததில், 33 டிகிரியில் 12 மணி நேரம் வைத்தவர்களில் நூற்றுக்கு 49 பேரும் மற்றவர்களில் 26 பேரும் நல்ல நிலைக்கு வந்தார்கள். உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகள் இந்த முறையை எடுத்துக்கொண்டன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஐரோப்பிய ஆராய்ச்சியில் குளிர வைக்காதவர்கள் பலருக்குச் சூடு சாதாரண அளவைத் தாண்டியிருந்தது. அப்படியானால் நன்மை செய்தது குளிர்ச்சியா, காய்ச்சல் வராமல் தடுத்ததா என்ற சந்தேகம் எழுந்தது. 2013-ல் 939 பேரிடம் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் தெரியவில்லை. 2021-ல் இன்னும் பெரிய ஆராய்ச்சி. ஏறக்குறைய 1,850 பேர். ஒரு பாதியை 33 டிகிரிக்கு இறக்கினார்கள். மறு பாதிக்குக் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் முதல் பாதியில் நூற்றுக்கு 50 பேரும் இரண்டாம் பாதியில் 48 பேரும் இறந்தார்கள். ஏறக்குறைய சமம். குளிர வைத்தவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

இதற்கு இடையில் 2019-ல் பிரான்சில் வந்த ஓர் ஆராய்ச்சி வேறு விதமாகச் சொன்னது. கரண்டு வைத்துச் சரிசெய்ய முடியாத வகையில் இதயம் நின்ற 584 பேரில், 33 டிகிரியில் வைத்தவர்களில் நூற்றுக்கு 10 பேரும் 37 டிகிரியில் வைத்தவர்களில் 6 பேருக்கும் குறைவாகவும் நல்ல நினைவோடு இருந்தார்கள்.

ஆக இன்றைய நிலை இதுதான். காய்ச்சலைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும், சூடு 37.5 டிகிரியைத் தாண்ட விடக்கூடாது என்பதில் டாக்டர்கள் ஒத்துப்போகிறார்கள். 33 வரை இறக்குவதா, 36-ல் நிறுத்துவதா, 37-ல் பிடித்து வைப்பதா என்பதை நோயாளியின் நிலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஆகவே ஒரு ஆஸ்பத்திரியில் சில்லென்று வைத்தார்கள், இன்னொன்றில் வைக்கவில்லை என்றால், "நம்ம ஆளைக் கவனிக்காம விட்டுட்டாங்க" என்று நினைத்துவிடாதீர்கள்.

குளிரும்போது உடம்புக்குள் நடப்பவை

நடுக்கம்: உடம்பு லேசில் குளிருக்குப் பணியாது. தசைகளை உதறி, சூட்டை உண்டாக்கப் பார்க்கும். நடுங்கும்போது உடம்பின் செலவு இரண்டு மடங்குகூட ஆகிவிடும். மிச்சம் பிடிக்கப்போய் கடன் வாங்கின கதைதான். அதனால் தூக்க மருந்து கொடுக்கிறார்கள், சிலருக்குத் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்கிறார்கள். சில இடங்களில் கைகால்களையும் முகத்தையும் மட்டும் கதகதப்பாக வைப்பதுண்டு. தோல் கதகதப்பாக இருந்தால் நடுக்கம் குறையும். எங்கே சூடு, எங்கே குளிர் என்பது கணக்குப்படி நடக்கும் வேலை. இதனால்தான் நாமாகக் கம்பளி போர்த்தக் கூடாது.

மூச்சு: செலவு குறைந்தால் கரியமில வாயுவும் குறைவாகத்தான் உண்டாகும். சுவாசக் கருவி பழைய வேகத்திலேயே ஓடினால் அந்த வாயு இரத்தத்தில் அளவுக்கு மீறிக் குறையும். அப்போது மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். ஆகவே கருவியின் வேகத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள்.

சீனி: குளிரில் கணையம் இன்சுலினைக் குறைவாகச் சுரக்கிறது. சுரந்ததும் சரியாக வேலை செய்வதில்லை. உடம்பு சீனியை விட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. இரத்தத்தில் சீனி ஏறும். நீரிழிவு இல்லாதவருக்கும் ஏறும். "எங்க அப்பாவுக்கு சீனி வியாதியே இல்லையே, ஏன் இன்சுலின் போடுறாங்க?" என்று பயப்பட வேண்டாம்.

உப்புகள்: குளிரும்போது இரத்தத்தில் உள்ள பொட்டாசியம் உயிரணுக்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. சிறுநீரும் அதிகமாகப் போகிறது. அதனோடு மக்னீசியம், பாஸ்பேட் போன்றவையும் போகின்றன. இவை குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

மருந்து: தூக்க மருந்தை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. குளிரில் கல்லீரலும் மெதுவாகவே வேலை பார்க்கிறது. ஒரு நாளில் வெளியேற வேண்டிய மருந்து இரண்டு நாளும் தங்கலாம். ஆள் கண் திறக்காததற்கு மூளைச் சேதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது, மருந்தாகவும் இருக்கலாம்.

இவை தவிர நாடி மெதுவாகத் துடிக்கும். இரத்தம் உறைவது தாமதமாகும். கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவதால் நுரையீரலில் சளி கட்டலாம். ஆகவே இது தீவிர சிகிச்சைப் பிரிவில், இரவு பகல் ஆள் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய சிகிச்சை.

சூடேற்றும்போதுதான் எச்சரிக்கை

இறக்குவதைவிட ஏற்றுவது கவனமான வேலை. மணிக்கு கால் முதல் அரை டிகிரி வரைதான் ஏற்றுவார்கள். அவசரப்பட்டால், உள்ளே ஒளிந்திருந்த பொட்டாசியம் திடீரென்று இரத்தத்துக்குத் திரும்பி இதயத்தைக் குழப்பும். இன்சுலின் மறுபடி நன்றாக வேலை செய்யத் தொடங்கும். முன்பு ஏறியிருந்த சீனி ஒரேயடியாக இறங்கிவிடலாம். குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தமும் விழலாம். 33 டிகிரியிலிருந்து 37-க்கு வர எட்டு மணி நேரமோ, அதற்கு மேலோ ஆகும். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று மிஸ்ஸியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

முதலாவது, கைகால் சில்லென்று இருக்கிறதே என்று கோடாலித் தைலம் தேய்ப்பது, வெந்நீர்ப் போத்தல் வைப்பது, கம்பளி போர்த்துவது எதுவும் மிஸ்ஸியைக் கேட்காமல் செய்யக் கூடாது. கையைப் பிடித்துக்கொள்ளலாம், பேசலாம்.

இரண்டாவது, உடம்பு குளிர்ந்திருக்கிறது, கண் திறக்கவில்லை, கையைக் கிள்ளினாலும் அசையவில்லை என்பதை வைத்து நீங்களாக முடிவு கட்டாதீர்கள். உறவுக்காரர்கள் வந்து, "இனி பிரயோசனம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். நினைவு திரும்புமா என்பதைக் கணிக்க, டாக்டர்களே குறைந்தது 72 மணி நேரம் பொறுக்கிறார்கள். மருந்து வடிய வேண்டும் என்றால் இன்னும் கூடுதலாகப் பொறுக்கிறார்கள். கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது, மூளையின் மின்னோட்டத்தைப் பார்ப்பது, ஸ்கேன் எடுப்பது என்று பல வழிகளில் பார்த்துத்தான் சொல்வார்கள்.

மூன்றாவது, கூச்சப்படாமல் கேளுங்கள். இப்போது சூடு எத்தனை டிகிரி? எப்போது ஏற்றத் தொடங்குவீர்கள்? தூக்க மருந்து எப்போது நிறுத்தினீர்கள்? எந்த நாளில் பரிசோதித்துச் சொல்வீர்கள்? இவை நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள். மொழி புரியாவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் செய்ய வேண்டியது

இதைப் படித்துவிட்டு, விழுந்தவர் மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றக் கிளம்பிவிடாதீர்கள். மூச்சு இல்லாதவருக்குத் தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு நிமிடமும் வீண். தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விட்டு விட்டுத் திணறுகிறது என்றால் உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் 995. மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அமுக்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வோர் அமுக்குக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடுங்கள். களைத்தால் அடுத்தவர் கை கொடுக்கட்டும். யாரும் ஒன்றும் செய்யாமல் நின்றால், போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு போய்விடும். தோட்டம் உள்ளே தள்ளி இருந்தால், அம்புலன்ஸ் வரும் வரை அந்த உயிர் உங்கள் உள்ளங்கையில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் அங்கேயே குளிர வைப்பதுதான் வைத்தியம். அது வெப்பத் தாக்கு. வெயிலில் செம்பனைக் குலை வெட்டியவர், மருந்து அடித்தவர் திடீரென்று உளறுகிறார், தள்ளாடுகிறார், உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால், நிழலுக்குக் கொண்டுபோய் மேல்துணியைக் களைந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். பெரிய தொட்டி இருந்தால் தலை வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு தண்ணீரில் அமிழ்த்துங்கள். அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும் வரை குளிர வைப்பதை நிறுத்தாதீர்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால், மூச்சு இல்லையா, நெஞ்சை அமுக்கு. மூச்சு இருந்து, வெயிலில் உடம்பு கொதித்து உளறுகிறாரா, தண்ணீர் ஊற்று. ஒவ்வொரு டிவிஷனிலும் நெஞ்சை அமுக்கத் தெரிந்தவர்கள் நாலு பேராவது இருக்க வேண்டும். டிரெசர் ஒருவரை மட்டும் நம்பி இருந்தால் அவர் வந்து சேருமுன் ஐந்து நிமிடம் ஓடிவிடும்.

அந்தச் சகோதரியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாளே சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை, டாக்டர் சொன்ன நாள் வரை பொறுத்திருந்தார். ஐந்தாம் நாள் கணவர் கண் விழித்தார். பேர் சொல்ல இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. எல்லாருக்கும் இப்படி அமையாது. எவ்வளவு நல்ல சிகிச்சை கொடுத்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களில் பாதிப் பேர் போய்விடுகிறார்கள் என்பதை மேலே கண்ட கணக்கே காட்டுகிறது. ஆனால் பிழைக்க இருந்தவரை நம் அவசரத்தால் இழந்துவிடக் கூடாது.

அவர் கண் விழித்ததற்கு முதல் காரணம் குளிர்ச்சி தந்த மெசின் அல்ல. பிரட்டுக்களத்தில், பனி விலகாத காலையில், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவர் நெஞ்சில் கை வைத்த தண்டலும் டிரெசரும்தான். இந்தத் தாளைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.